நிழல் விழும் பக்கம்

அத்தியாயம் மூன்று

பகல் பதினொரு மணிக்கு ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்துவிட்டு, டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீட்டுக்குள் நுழையச் சொன்னால் யாரும் வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார்கள். நான் இரண்டு நிமிஷம் நின்றேன். பரமசிவமாகிய நான் முப்பது வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் ஃபைல் நகர்த்தியவன். ஃபைல் யாரையும் கடித்ததில்லை. ரிடையரான பிறகு சும்மா கிடக்க முடியாமல் துப்பறியும் அகல்யாவிடம் உதவியாளாகச் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து தினம் எதற்காவது பயந்துகொண்டிருக்கிறேன்.

அகல்யாவுக்கு முப்பத்தெட்டு வயசு. டெல்லியிலேயே பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஓர் அப்பளக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். அவள் என்னை 'அங்கிள்' என்பாள், நான் அவளை 'மேடம்' என்பேன். சம்பளம் கொடுக்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவது?

மயூர் விஹாரில் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு எங்களை வரவழைத்தவர் ஜகந்நாதன். விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்தவர், வயசு அறுபத்தாறு. சாப்பாட்டு மேஜைமேல் நான்கு போட்டோக்களை வரிசையாக வைத்தார். நான்கும் நேர் மேலேயிருந்து எடுத்தவை.

முதல் மூன்றிலும் ஒரு மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் துணிகள், நடுவில் எறும்பளவு ஒரு மனிதர். மனிதரைச் சுற்றி மையால் ஒரு வட்டம். கீழே இங்கிலீஷில் பெரிய எழுத்தில், 'புத்தகத்தை நிறுத்து.'

"அந்த எறும்பு நான்தான்," என்றார் ஜகந்நாதன். "தினம் மத்தியானம், பனி விலகினப்புறம், மாடியில கொஞ்சம் நடப்பேன்."

நாலாவது படத்தில் மாடி இல்லை, தெரு. பஸ் ஸ்டாப்பில் ஐந்தாறு பேர். அதில் ஒரு பெண்ணைச் சுற்றி வட்டம். அதே வார்த்தைகள். ஓரத்தில் மீன்முள் மாதிரி ஏதோ ஒரு சின்னக் கிறுக்கல்.

"இது எம் பொண்ணு தமிழ்செல்வி. பேங்க்ல வேலை பார்க்கறா. அன்னிக்கு அரைநாள் லீவு போட்டுட்டு மத்தியானம் கிளம்பினா." சொல்லிவிட்டு அந்தப் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

நான் நிமிர்ந்து கூரையைப் பார்த்தேன். "ஹெலிகாப்டர்ல வந்து எடுத்திருப்பானோ, மேடம்?"

"அங்கிள், குடியரசு தினம் வர்ற ஜனவரி மாசம் டெல்லியில பட்டம் விட்டாலே போலீஸ் வரும்." அகல்யா திரையை ஒரு விரலால் விலக்கினாள். பக்கத்து மனையில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று பாதி கட்டியபடி நின்றது. "அதோ, அங்கேருந்துதான். பஸ் ஸ்டாப்பும் அதுக்கு நேர் கீழ இருக்கு பாருங்க."

"ஹெலிகாப்டர்னா தேவலை மேடம், வந்துட்டுப் போயிரும். இது இங்கனயேல்லா நிக்கி!" என்றேன். பயந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

தமிழ்செல்வி காபி கொண்டுவந்தாள். முப்பத்துமூன்று, முப்பத்துநாலு வயசிருக்கும். தட்டை வைத்ததும் வைக்காததுமாக அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, புக் வேண்டாம்ப்பா. ப்ளீஸ். இவங்களும் வேண்டாம், போலீஸும் வேண்டாம். விட்டுடுங்க."

"என்ன புத்தகம் சார்?" என்றாள் அகல்யா.

"எங்க ஸ்குவாட்ரன், அதான் எங்க படைப்பிரிவு, அதோட சரித்திரம். இந்த வருஷம் பொன்விழா. மத்த ஸ்குவாட்ரனுக்கெல்லாம் விமானம் உண்டு, எங்களுக்கு ஒண்ணுகூடக் கிடையாது."

"மாடில்லாத மாட்டு வண்டியா?" என்றேன்.

அந்தப் பயத்திலும் அவர் லேசாகச் சிரித்தார். "பைலட்டுங்களும் அப்படித்தான் கேலி பண்ணுவாங்க. அவங்க பறந்து போய் எதிரி ஊரைப் படம் எடுத்துக்கிட்டு வருவாங்க. ஈரம் காயாத ஃபிலிம் எங்க கைக்கு வரும். ரெட்டை லென்சை வச்சுக்கிட்டுப் பாலம் எங்கே, பீரங்கி எங்கேன்னு படிச்சுச் சொல்றதுதான் எங்க வேலை. நாப்பத்தொம்பதுல ரெண்டு கூடாரம், பதினோரு ஆளு, வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன லென்சு. அப்படி ஆரம்பிச்சது. நாங்க ராத்திரி கண்ணு முழிச்சுச் சொல்றதை நம்பித்தான் மறுநாள் காலைல ஒருத்தன் விமானத்துல ஏறுவான்."

"இதுல மிரட்டுறதுக்கு என்ன இருக்கு?"

"ஒரே ஒரு அத்தியாயம் இருக்கு." அவர் மகளைப் பார்க்காமல் பேசினார். "எழுபத்தொண்ணு டிசம்பர். நம்ம பைலட் ஒருத்தர் எதிரி பீரங்கிக்கு மேலேயே பறந்து செத்துப்போனார். சொன்ன வழியை விட்டு விலகிட்டார்னு ரிகார்டு சொல்லுது. பொய். சொன்ன வழியிலதான் போனார். அந்த வழியில மண்மேடு இருக்கு, மேட்டுக்குள்ள பீரங்கி இருக்குன்னு நான் படத்துல குறிச்சுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எனக்கு மேல இருந்தவர், 'அது வெறும் பள்ளம், தாராளமாப் போகலாம்'னு அனுப்பிட்டார்."

"யார் அவர்?"

"அவர்கிட்ட வருஷக்கணக்கா வேலை பார்த்தவன் நான். புத்தகத்துல எழுதுவேன், வாயால சொல்ல மாட்டேன்."

"ஆதாரம் இருக்கா?"

"நான் குறிச்ச அந்தப் படம். இருபத்தேழு வருஷமா எங்கிட்டதான் இருக்கு."

"அரசாங்க ரகசியம் அது!" தமிழ்செல்வி கிட்டத்தட்டக் கத்தினாள். "வீட்டுல வச்சிருந்ததுக்கே ஜெயில்ல போடுவாங்க. பென்ஷன் போயிடும். இந்த வயசுல உங்களால ஜெயில் தாங்குமாப்பா?"

"அந்தப் பைலட்டோட சம்சாரம் இன்னும் திருச்சியில இருக்காங்கம்மா. புருஷன் வழி தெரியாமப் போய்ச் செத்தான்னு இருபத்தேழு வருஷமாக் கேட்டுக்கிட்டு."

 இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகவே பட்டது எனக்கு. அதுதான் இந்த வேலையில் பெரிய தொல்லை.

"முதல் படம் எப்போ வந்தது?" என்றாள் அகல்யா.

"மூணு வாரம் முந்தி. வாரத்துக்கு ஒண்ணு."

"எங்களைக் கூப்பிட்டது?"

"நேத்து. நாலாவது வந்த உடனே."

"நாலாவது வந்த உடனே," என்று அகல்யா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். போட்டோக்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "இந்தப் புத்தகம் பத்தி வேற யாருக்குத் தெரியும்?"

"ராஜசேகரன் சாருக்கு. ரிடையர்டு விங் கமாண்டர். மோதி பாக்ல மகனோட குவார்ட்டர்ஸ்ல இருக்கார். பொன்விழா மலருக்கு அவர்தான் எடிட்டர்."

மோதி பாக் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. ராஜசேகரன் வாசல் புல்வெளியில் வெயிலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயசு, முறுக்கு மீசை, தோளில் சால்வை. எங்களை உள்ளே அழைத்துப் போனார். சுவர் முழுக்க ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள்.

"ஸ்குவாட்ரன் சரித்திரமா? அதுல பாதி சண்டைதான்," என்று உரக்கச் சிரித்தார். "பைலட்டுக்கும் படம் படிக்கிறவனுக்கும் ஆகவே ஆகாது. நான் பைலட்டா இருந்தவன். முதுகு உடைஞ்சு, பறக்க முடியாமப் போனதும் அங்கே கொண்டு போட்டாங்க."

அகல்யா முதல் படத்தை மட்டும் எடுத்து அவரிடம் கொடுத்தாள். கையில் வாங்கினவர் முகத்தைச் சுளித்தார். படத்தைத் தலைகீழாகத் திருப்பினார். எழுத்து கவிழ்ந்தது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, படத்தின் மேல் ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி போட்டார்.

"வடக்கு இது. எவனோ தெற்கை மேல வச்சுக்கிட்டு எழுதியிருக்கான்."

"எப்படித் தெரியும்?"

"மத்தியானம் எடுத்த படம். குளிர்காலத்துல சூரியன் தெற்கே நிக்கும், நிழல் வடக்கே விழும். தண்ணித் தொட்டி நிழலைப் பாருங்க. மேப்புன்னா வடக்கு மேல இருக்கணும், பைலட் அப்படித்தான் பிடிப்பான். படம் படிக்கிற கூட்டம் மட்டும் நிழல் தன் பக்கமா விழற மாதிரித் திருப்பி வச்சுக்கும். ஜகந்நாதன் சாப்பாட்டுத் தட்டைக்கூட அப்படித் திருப்பி வச்சுத்தான் சாப்பிடுவார்!"

"அதுல என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டேன்.

சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி, வடக்கு மேலே இருக்கும்படி என் கையில் கொடுத்தார். "இது ஒரு செங்கல் சூளை. என்ன தெரியுது?"

"பள்ளம். பத்துப் பன்னிரண்டு பள்ளம்."

"இப்போ திருப்பிப் பிடிங்க."

திருப்பினேன்.  பள்ளம் அத்தனையும் மேடாகிவிட்டது. செங்கல் குவியல்கள் என்னைப் பார்த்து எழும்பி நின்றன. அதே படம், அதே என் கண். ஐம்பத்தொன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்த கண் இப்படிக் கூசாமல் பொய் சொல்லும் என்று தெரிந்ததும் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"கண்ணு பண்ற சேட்டை," என்று ராஜசேகரன் கையை வீசினார். "அதுக்காக மேப்பைத் தலைகீழாப் பிடிப்பாங்களா? நான் ஒரு நாளும் திருப்பினதில்லை. ஆக, உங்க மிரட்டல்காரன் எங்க ஸ்குவாட்ரன்ல படம் படிக்கக் கத்துக்கிட்ட ஆளு. ஆனா நானில்லை."

"டெல்லியில வேற யார் இருக்காங்க?"

"யாருமில்லை. மத்தவங்கல்லாம் ஊர்ப்பக்கம் போயிட்டாங்க. நானும் ஜகந்நாதனும்தான் மிச்சம்."

சூளைப் படத்தை இரவல் கேட்டாள் அகல்யா. தாராளமாகக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்தவர் சாதாரணமாகக் கேட்டார். "அந்தப் படத்தை ஜகந்நாதன் வீட்டுலேயேதான் வச்சிருக்காரா?"

"எந்தப் படம் சார்?"

"இல்லை, பழைய படம் நிறைய வச்சிருப்பாரே, அதைக் கேட்டேன்." மீசை சிரித்தது. கண் சிரிக்கவில்லை.

காரில் ஏறியதும் அகல்யா பிடித்த வேகத்தில் நான் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டேன். ஊரெல்லாம் வெயில் வந்தும் யமுனைப் பாலத்தில் மட்டும் ஆற்றுப் பனி இன்னும் விலகவில்லை. எதிரே வரும் லாரிக்கு விளக்கு மட்டும்தான் இருந்தது, லாரி இல்லை.

"மெதுவாப் போங்க மேடம். மிரட்டுதவன் கையால சாகுததுக்கு முன்னால உங்க கையால செத்துருவேன் போலிருக்கு!"

"ஜல்தி போகணும் அங்கிள். நாலாவது படத்தை எடுத்துப் பாருங்க. நிழல் எந்தப் பக்கம் விழுது?"

பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பின் நிழல் என்னை விட்டு விலகி, மேல்பக்கமாக விழுந்திருந்தது. மற்ற மூன்றிலும் என் பக்கமாக.

"இது வேற கையா? அப்போ ரெண்டு பேரா?" எனக்கு ஒருத்தனே தாராளம்.

"மூணு படம் வந்தப்போ அவர் யாரையும் கூப்பிடலை. மாடியில நடக்குறதைக்கூட நிறுத்தலை, அதனாலதான் மூணுலயும் மாட்டியிருக்கார். நாலாவது வந்ததும் பயந்துட்டார். ஏன்?"

"பொண்ணு படம்லா, அதான்."

"அது பாதிதான்," என்றாள். மீதியைச் சொல்லவில்லை.

தமிழ்செல்விதான் கதவைத் திறந்தாள். அப்பா வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றாள். அகல்யா செருப்பைக்கூடக் கழற்றாமல் சூளைப் படத்தைக் குறுக்குவாட்டில் நீட்டினாள். "ஒரு சின்ன ஹெல்ப். இதுல மேடு எங்கே இருக்குன்னு சொல்லுங்களேன்."

தமிழ்செல்வி வாங்கினாள். டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தைப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை. விரல்கள் தாமாகவே படத்தைத் திருப்பின. நிழல் அவள் பக்கம் வந்து விழுந்ததும் நிறுத்தி, "இதோ, இதெல்லாம் மேடு," என்றாள்.

பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தாள். படம் கையிலிருந்து நழுவியது.

"எங்கே கத்துக்கிட்டீங்க?" அகல்யாவின் குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"சின்ன வயசுல... அப்பா மடியில. வேண்டாம்னு கழிச்சுப்போட்ட மலை, ஆறு படமெல்லாம் காட்டுவார்." அவள் நாற்காலியில் சரிந்தாள். "மூணு படமும் நான்தான் எடுத்தேன். லஞ்ச் டைம்ல வந்து, அந்தக் கட்டடத்துல ஏறி. அப்பா பயந்து புக்கை விட்டுடுவார்னு நினைச்சேன். அவரை ஜெயில்ல பார்க்க எனக்குத் தெம்பு இல்லை மேடம். ஆனா நாலாவது நான் எடுக்கலை! சத்தியமா நான் எடுக்கலை. அதைப் பார்த்ததிலேருந்து தூக்கமே இல்லை. யாரோ என்னைப் பார்த்துக்கிட்டிருக்காங்க. இதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

பொய்ப் பயத்தைக் கிளப்பிவிட்டவள் வீட்டுக்கு நிஜப் பயம் வந்து நின்றிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

"முதல் மூணு படத்தைப் பத்தி அப்பா யார்கிட்டயாவது சொன்னாரா?"

"ராஜசேகரன் அங்கிள்கிட்ட மட்டும். போன்ல, சிரிச்சுக்கிட்டே."

அகல்யா இரண்டு படங்களை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நாலாவது. இன்னொன்று ராஜசேகரன் சற்றுமுன் பென்சிலால் குறி போட்ட முதல் படம். நான் மீன்முள் என்று நினைத்த கிறுக்கலும் அந்த அம்புக்குறியும் ஒன்றேதான். அச்சு அசல்.

"வடக்கு," என்றாள் அகல்யா. "மிரட்டல் கடிதத்துல யாராவது வடக்கு போடுவாங்களா அங்கிள்? வாழ்நாள் பூரா மேப்புல வடக்கு போட்ட கை, யோசிக்காமப் போட்டுடுச்சு. அப்பா எங்கே போயிருக்கார், தமிழ்செல்வி?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "ராஜசேகரன் அங்கிள்தான் போன் பண்ணினார். நீங்க வர்றதுக்கு முக்கால் மணி முன்னாடி. 'படத்தை எடுத்துக்கிட்டு வாங்க, என்கிட்ட இருந்தா பத்திரம்'னு. அப்பா பையை எடுத்துக்கிட்டு ஆட்டோவுல போயிட்டார்."

அகல்யா மோதி பாக் நம்பரைச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி சுழற்றினாள். அப்போதும் எடுக்கவில்லை.

மறுபடி அதே பாலம், அதே பனி. தமிழ்செல்வி பின்சீட்டில் விரல்களைப் பிசைந்துகொண்டு, "நான்தானே பயமுறுத்தினேன், நான் பயமுறுத்தாம இருந்தா அவர் போயிருக்க மாட்டாரே," என்று சொன்னதையே சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு வழக்கமாக வருகிற கிண்டல் ஒன்றுகூட வரவில்லை. சிவப்பு விளக்கிலும் அகல்யா நிற்கவில்லை.  

மோதி பாக் திரும்பியதும் தமிழ்செல்வி, "அப்பா!" என்று அலறினாள்.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஜகந்நாதன் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் பை. கார் நிற்குமுன் அவள் கதவைத் திறந்து ஓடி, அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அந்த மூணும் நான்தான்ப்பா."

"தெரியும்டி. நிழலைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டு எழுத, இந்த ஊர்ல என்னை விட்டா உனக்குத்தான் தெரியும். நீ பயத்துல பண்றேன்னு புரிஞ்சுது. அதான் சும்மா இருந்தேன். நாலாவது உன்னோடது இல்லைன்னதும்தான் எனக்குக் கை கால் ஓடலை."

"அது ராஜசேகரன் சாரோடதுன்னு தெரிஞ்சுமா போனீங்க?" என்று கேட்டேன்.

"அந்த அம்புக்குறியைப் பதினாலு வருஷம் பார்த்தவன் நான். தெரியாதா? உங்ககிட்ட சொல்ல மனசு வரலை. படத்தைக் கொடுத்துட்டா இவளை விட்டுடுவார்னு போனேன்."

"கொடுத்துட்டீங்களாப்பா?" தமிழ்செல்வி தலையை நிமிர்த்தினாள். "கொடுத்திருக்கக் கூடாதுப்பா. நீங்க எழுதுங்க. ஜெயில்னா நான் சாப்பாடு கொண்டு வரேன். எழுதுங்க."

ஜகந்நாதன் அவள் தலையில் கை வைத்தார். 

"கொடுத்தேன். பக்கத்துல ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டிருந்தது. அதுல போட்டுடுவார்னுதான் நினைச்சேன். எட்டு மாடி ஏறி உன்னைப் படம் எடுத்ததை அவரே ஒத்துக்கிட்டார், முழங்கால் இன்னும் வலிக்குதாம். உள்ளே போன் அடிச்சுக்கிட்டே இருந்தது, ரெண்டு பேருமே எழுந்திருக்கலை. படத்தை வழக்கம்போல வடக்கு மேல வச்சுப் பார்த்தார். 'பள்ளம்தானே ஜகந்நாதன்? நான் சொன்னது சரிதானே?'ன்னு கேட்டார். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம். வாய் வரலை. அவர் கையிலேயே படத்தைத் திருப்பி வச்சேன்."

"என்ன சொன்னார்?" என்றாள் அகல்யா.

"தானே ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'மேடா?'ன்னார். 'மேடுதான் சார்'னேன். படத்தை எங்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு, அந்தம்மாவோட திருச்சி அட்ரஸ் இருக்கான்னு கேட்டார்."

"கொடுத்தீங்களா?"

"எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டு எங்கையைப் பிடிச்சுக்கிட்டார், விடவே இல்லை. 'எனக்குப் பயமா இருக்கு ஜகந்நாதன், நீங்களும் கூட வாங்க'ன்னார்."